பலிபீடங்கள் மிகுந்த கட்டடம்: கார்ட்ராஸ் குருமடத்தின் கட்டடக்கலையும் வத்திக்கான் சங்கமும்

ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்று முகத்துவாரத்தின் வடகரையில் கார்ட்ராஸ் என்ற சிற்றூர். அதன் ஓரத்துக் காட்டில் சிதைந்து நிற்கிறது புனித பேதுரு குருமடம். 1966இல் திறக்கப்பட்ட இது 1980இல் மூடப்பட்டது. கூரை ஒழுகியதால்தான் இத்தனை சீக்கிரம் கைவிடப்பட்டது என்று சொல்லிவிடுவது வழக்கம். ஒழுகியது உண்மைதான். ஆனால் தரைப்படத்தைக் கூர்ந்து படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். கட்டடக்கலைஞர்கள் தங்களிடம் கேட்கப்பட்டதைப் பிசகின்றிக் கட்டிக் கொடுத்தார்கள். கேட்டவர்களின் தேவைதான் கட்டி முடிப்பதற்குள் மாறிப்போனது.

குருமடம் என்ற அமைப்பே திரெந்து பொதுச்சங்கம் 1563இல் இட்ட கட்டளையின் விளைவு. மறைமாவட்டம் தோறும் சிறுவர்களைச் சேர்த்து, உலகப் பழக்கங்கள் தீண்டுமுன் குருத்துவத்துக்குப் பயிற்றுவிக்க வேண்டும் என்றது அது. ஸ்காட்லாந்தில் இது உடனே நடக்க வழியில்லை. 1560இல் அந்நாடு சீர்திருத்த சபையின் பக்கம் போய்விட்டதால், கத்தோலிக்கக் குருமாணவர்கள் ரோம், பாரிஸ் என்று அயல்நாட்டுக் கல்லூரிகளை நாட வேண்டியிருந்தது. 1874இல் கிளாஸ்கோவின் பார்ட்டிக்ஹில் பகுதியில் பேராயர் சார்லஸ் அயர் புனித பேதுரு குருமடத்தை நிறுவினார். 1892இல் அது பியர்ஸ்டனுக்கு மாறியது. 1946இல் அந்தக் கட்டடம் தீக்கிரையானது. இடமிழந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் புகலிடமானது கார்ட்ராஸை அடுத்த கில்மஹ்யூ மாளிகை. ஜான் பர்னெட்டின் வடிவமைப்பில் 1860களில் எழும்பிய, கோபுர முனைகள் கொண்ட கல்வீடு அது.

புதிய குருமடத்துக்கான திட்டம் 1953இல் தொடங்கியது. பணி ஜாக் கோயாவின் கில்லெஸ்பி, கிட் அண்ட் கோயா கட்டடக்கலை நிறுவனத்துக்குப் போனது. வடிவம் தந்தவர்கள் அங்கிருந்த இரு இளைஞர்கள்: ஐஸி மெட்ஸ்டைன், ஆண்டி மக்மில்லன். மெட்ஸ்டைன் பெர்லினில் பிறந்த யூதர். 1939இல் நாஜிகளிடமிருந்து காப்பாற்றப்பட்டு பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில் ஒருவர். நவீனக் கத்தோலிக்கக் கட்டடங்களில் பெரிதும் பேசப்படும் ஒன்று அவர் கையிலிருந்து வந்தது, கட்டடக்கலை வரலாற்றில் எனக்குப் பிடித்த முரண்களில் ஒன்று.

கட்டுமானம் 1961இல் தொடங்கியது. பழைய மாளிகையை இடிக்காமல் பேராசிரியர்களுக்கு விட்டுவிட்டு, அதைச் சுற்றிப் புதிய கான்கிரீட் தொகுதிகளை நிறுத்தினார்கள். அவற்றில் முதன்மையான தொகுதியின் குறுக்குவெட்டில்தான் இக்கட்டடத்தின் மேதைமை இருக்கிறது. கீழே ஒரு முனையில் சிற்றாலயம், மறுமுனையில் உணவறை. அவற்றுக்கு மேல் மூன்று அடுக்குகளில் மாணவர் அறைகள், மேலே போகப் போக உள்நோக்கி நெருங்குகின்றன. அறை வாசலில் ஓடும் நடைபாதைகள் கீழே உள்ள பொது வெளியைப் பார்த்தபடி இருக்கின்றன. திரெந்துக்குப் பிந்தைய குருமடங்கள் முற்றத்தைச் சுற்றித் தூண் தாழ்வாரம் கட்டிப் பெற்ற மூடிய வாழ்க்கையை, இவர்கள் செங்குத்தாக அடுக்கிக் காட்டினார்கள். படுக்கை, செபம், சாப்பாடு எல்லாம் ஒரே கூரைக்குள். ஒருவரது நாள் முழுவதும் மற்றவர் பார்வையில். லியோன் நகருக்கு அருகே லெ கோர்பூசியே கட்டிய லா தூரெத் துறவு மடத்தின் சாயல் இதில் உண்டு. ஆனால் இந்த அடுக்கு அங்கே இல்லை. வகுப்பறைத் தொகுதியோ ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்டு, பள்ளத்தாக்கின் மேல் அந்தரத்தில் நீள்கிறது. படங்களில் அதிகம் இடம்பெறுவது அதுதான் என்றாலும், ஆய்வுக்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியவை பக்கப் பலிபீடங்கள். முதன்மைத் தொகுதியின் ஓரமாக, வளைந்த சுவர்களும் மேலிருந்து விழும் ஒளியும் கொண்ட சிறு சிற்றாலயங்கள் வரிசையாக வருகின்றன. காரணம் எளிது. அன்றைய லத்தீன் வழிபாட்டு முறையில், குருப்பட்டம் பெறும் சடங்கு போன்ற சில வேளைகள் தவிர, குருக்கள் சேர்ந்து திருப்பலி நிறைவேற்றுவதில்லை. மடத்தில் பத்துக் குருக்கள் இருந்தால், நாள்தோறும் பத்துத் தனித் திருப்பலிகள். அவற்றுக்குப் பீடங்கள் வேண்டும். சாதாரணக் கல்லூரிகளுக்கு இல்லாத இந்தத் தேவையே கட்டடத்தின் வெளிச்சுவருக்கு வடிவம் தந்தது.

சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தபோதே, 1962இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1963 டிசம்பரில் வெளியான திருவழிபாட்டு ஏடு கூட்டுத் திருப்பலிக்கு வழிவிட்டது. 1965இல் அதற்கான சடங்குமுறை வந்தது. பக்கப் பீடங்களின் அன்றாடத் தேவை அத்துடன் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த குருத்துவப் பயிற்சி பற்றிய ஆணை, மாணவர்கள் மக்களிடையே மேய்ப்புப் பணியைப் பழக வேண்டும் என்றது. கிளாஸ்கோவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் இருந்த கட்டடம் அதற்குத் தோதானதல்ல. கூடவே குருத்துவத்துக்கு வருவோர் எண்ணிக்கையும் சரிந்தது. ஏறத்தாழ நூறு பேருக்கென்று கட்டிய இடம் ஒருபோதும் நிரம்பவில்லை.

பாதி காலியான கட்டடத்தைப் பராமரிக்கச் செலவு செய்ய யாருக்கும் மனம் வராது. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மேற்கு ஸ்காட்லாந்தில் தட்டைக் கூரைகளைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது வெளிப்படை. ஒழுகலுக்குக் கட்டடக்கலைஞர்களின் பொறுப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் நிரம்பிய மடமாக இருந்திருந்தால் கூரை பழுதுபார்க்கப்பட்டிருக்கும் என்றே கருதுகிறேன்.

1980இல் மாணவர்கள் நகரத்துக்குத் திரும்பினார்கள். பிறகு கட்டடம் சில ஆண்டுகள் போதை மீட்பு மையமாக இயங்கியது, அதுவும் நின்றது. 1992இல் இது உயர்ந்த பாதுகாப்புத் தரமான ஏ பிரிவில் சேர்க்கப்பட்டது. 1995இல் கில்மஹ்யூ மாளிகை தீப்பிடித்து, பின் இடிக்கப்பட்டது. இந்த இழப்பு போதிய அளவு பேசப்படவில்லை. புதிய தொகுதிகள் அனைத்தும் அந்த வீட்டை நோக்கியே நிறுத்தப்பட்டவை. மாணவர் தொகுதிக்கும் ஆசிரியர் இல்லத்துக்கும் இடையிலான உறவை இன்று தளத்தில் நின்று அறிய முடியாது. என்விஏ என்ற கலை அமைப்பு 2016இல் இங்கே ஒளி, ஒலி நிகழ்வு நடத்தி மீட்பு முயற்சியில் இறங்கியது. 2018இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2020இல் கிளாஸ்கோ உயர்மறைமாவட்டம் இடத்தை கில்மஹ்யூ கல்வி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இப்போது வரைபடங்களுக்கு அடுத்தபடியாக ஆய்வாளருக்கு உதவுவது முர்ரே கிரிகோர் 1972இல் எடுத்த 'ஸ்பேஸ் அண்ட் லைட்' என்ற குறும்படம். கட்டடம் குருமடமாகப் புழங்கிய நாட்களை அதில் காணலாம்.