லண்டன் டாக்ஸியும் ஆறு பென்ஸ் கணக்கும்

"மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க சார்." இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் நம்மூரில் இருக்க மாட்டார்கள். கேட்டதும் கோபம் வரும். எனக்கும் வரும். ஆனால் இந்தக் கட்டணத்தை யார், எப்போது, எதற்காக ஆரம்பித்தார்கள் என்று யோசித்திருக்கிறோமா? அதைத் தேடிப் போனதில் லண்டனில் போய் நின்றேன்.

1634-இல் கேப்டன் ஜான் பெய்லி என்ற ஓய்வுபெற்ற கடலோடி நான்கு குதிரை வண்டிகளை வாங்கி, லண்டன் ஸ்ட்ராண்ட் சாலையில் மேபோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வண்டிக்காரர்களுக்குச் சீருடை கொடுத்தார். எந்த இடத்துக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தார். மற்ற வண்டிக்காரர்களும் அங்கேயே வந்து, அதே கட்டணத்துக்கு ஓட்ட ஆரம்பித்தார்கள். உலகின் முதல் டாக்ஸி ஸ்டாண்டு இதுதான் என்பார்கள். கவனியுங்கள், இங்கே கட்டணம் போட்டது அரசாங்கம் இல்லை, ஒரு வியாபாரி!

அரசாங்கம் சீக்கிரமே உள்ளே வந்தது. 1654-இல் கிராம்வெல் ஆட்சி 200 பேருக்கு மட்டும்தான் அனுமதி என்றது. இங்கேதான் நம் பொருளாதாரப் பாடம் வருகிறது. வண்டி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் போட்டி குறையும், இருப்பவர்கள் கேட்டதுதான் விலையாகிவிடும். அதனால் லைசென்ஸ் என்ற சலுகைக்குப் பதிலாகச் சில கடமைகளும் கட்டணக் கட்டுப்பாடும் கூடவே வந்தன. 1831-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிக்கை வரம்பை நீக்க வழி செய்தது. ஆனால் கடமைகள் போகவில்லை. பயணி தானே அதிகம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தாலும், சட்டக் கட்டணத்துக்கு மேல் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று அந்தச் சட்டம் சொன்னது. "மேல போட்டுக் குடுங்க" என்பதற்கு அப்போதே பதில் எழுதிவிட்டார்கள்.

அடுத்து 1853. மைலுக்கு எட்டு பென்ஸாக இருந்த கட்டணம் ஆறு பென்ஸாகக் குறைக்கப்பட்டது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்காரர், ஆறு மைலுக்குள் எங்கே கூப்பிட்டாலும் தகுந்த காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது. கட்டண அட்டவணையை வண்டியில் காட்ட வேண்டும். அதிகம் கேட்டால் 40 ஷில்லிங் வரை அபராதம். பயணி மறந்துவிட்டுப் போன பொருளை 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். கட்டணத்தில் தகராறு வந்தால், பயணி அதே வண்டியைப் பக்கத்து நீதிமன்றத்துக்கு ஓட்டச் சொல்லலாம்!

படிக்கும்போது எல்லாம் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வண்டிக்காரரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சொந்த வண்டி கிடையாது. முதலாளிக்கு தினவாடகை கட்டிவிட்டு, மிச்சம் இருப்பதுதான் கூலி. வாடகை குறையவில்லை, விற்கும் விலை மட்டும் கால் பங்கு குறைந்துவிட்டது. 1853 ஜூலையில் வண்டிகளை வெளியே எடுக்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாட்களில் அது முடிந்தது. ஆறு பென்ஸ் மட்டும் பல பத்தாண்டுகள் நின்றது.

மீட்டர் இல்லாத காலம் என்பதால் தூரத்தை வைத்து ஓயாத சண்டை. கரோலின் ஜியாகொமெட்டி புரோட்ஜர்ஸ் என்ற பணக்காரப் பெண்மணி லண்டன் தூரங்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, வண்டிக்காரர்கள் மேல் ஐம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டார். அவருடைய கொடும்பாவியை எரிக்கும் அளவுக்குக் கோபம் இருந்தது.

இந்தச் சண்டைக்கு முடிவு கட்டியது ஒரு கருவி. வில்ஹெல்ம் புரூன் என்ற ஜெர்மானியர் 1891-இல் உருவாக்கிய டாக்ஸிமீட்டர். "டாக்ஸி" என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1907-இல் லண்டன் மோட்டார் வண்டிகளுக்கு மீட்டர் கட்டாயமானது. தூரத் தகராறு தீர்ந்தது. ஆனால் செலவு யாருடையது என்ற தகராறு தீரவில்லை. 1913 ஜனவரியில் மறுபடி வேலைநிறுத்தம், பல வாரங்கள். இந்த முறை காரணம் பெட்ரோல் விலை. ஏறிய விலையை முதலாளி ஏற்பதா, டிரைவர் ஏற்பதா?

கதை இன்னும் முடியவில்லை. 2015-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு விசித்திரமான கேள்வி வந்தது. ஊபர் டிரைவர் கையில் இருக்கும் செல்போன் ஒரு டாக்ஸிமீட்டரா? ஏனென்றால் கறுப்பு டாக்ஸியைத் தவிர மற்ற வாடகைக் கார்களில் மீட்டர் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். இல்லை, அது மீட்டர் இல்லை என்று தீர்ப்பு வந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், ஊபர் டிரைவர்கள் குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கும் உரிமை உள்ள தொழிலாளர்கள்தான் என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் முதலாவது என்ன தெரியுமா? கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனி, டிரைவர் அதற்கு மேல் வாங்க முடியாது என்பதுதான்.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது இதுதான். முன்னூறு வருடங்களுக்கு மேலாகக் கட்டண விதி என்றாலே அது டிரைவரைக் கட்டும் கயிறாக மட்டும் இருந்தது. விலையை முடிவு செய்கிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்று 2021 தீர்ப்பு அந்தக் கயிற்றின் இன்னொரு முனையையும் பிடித்தது.

பயணிக்கு நிச்சயமான கட்டணம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மழையில் நிற்பவரிடம் பேரம் பேசுவது நியாயம் இல்லை. ஆனால் விலையைப் பூட்டிவிட்டு, வாடகையையும் எரிபொருளையும் திறந்துவிட்டால் அந்த விதி ரோட்டில் நிற்காது. ஆறு பென்ஸ் கணக்கு சொல்வதும் அதுதான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?