வகுப்பிலிருந்து உரிமைக்கு: இந்தியச் சிறைகளில் ஒரு கோரிக்கை மாறிய வரலாறு

இந்தியச் சிறைவாசிகளின் உரிமைப் போராட்டத்தை விடுதலைப் போராட்டக் கால உண்ணாநோன்புகளில் தொடங்கி, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வரை ஒரே கோடாக இழுத்துச் சொல்வது வழக்கம். அந்தக் கோடு நடுவில் அறுந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். முற்பகுதியில் சிறைப்பட்டவர்கள் ‘எங்களைக் குற்றவாளிகளோடு சேர்க்காதே’ என்று கேட்டார்கள். ‘குற்றவாளிக்கும் உரிமை உண்டு’ என்ற பேச்சு பிற்பகுதியில்தான் எழுந்தது. முன்னது கனிந்து பின்னதாகவில்லை. முன்னது விட்டுச்சென்ற ஏற்பாட்டை உடைத்தே பின்னது நிலைபெற்றது.

1908இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். தமிழர் நினைவில் அந்தச் செக்கு, நாட்டுக்காகச் சிறை சென்ற ஒருவருக்கு நேர்ந்த கொடுமையின் சின்னம். திருட்டுக் குற்றத்துக்காக உள்ளே போனவனும் அதே போன்ற கடும் வேலையைத்தான் செய்தான். அவனைப் பற்றி நாம் கேட்டதில்லை. இருவரையும் ஆண்டது 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம். விலங்கு பூட்டவும் தனிக்கொட்டடியில் அடைக்கவும் சிறை அதிகாரிக்கு இடம் கொடுத்த அந்தச் சட்டம், கைதிக்கு உரிமை என ஒன்றைப் பெயரளவுக்கே தொட்டது.

1929இல் லாகூர் சதி வழக்கை எதிர்கொண்ட பகத்சிங்கும் தோழர்களும் அரசியல் கைதிகளுக்கு உரிய நடத்தை வேண்டும் என்று பட்டினி கிடந்தார்கள். நல்ல உணவு, புத்தகம், செய்தித்தாள், கட்டாய வேலையிலிருந்து விலக்கு ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். 63 நாள் பட்டினிக்குப் பின் ஜதீந்திரநாத் தாஸ் செப்டம்பர் 13 அன்று உயிர்விட்டார். அந்தச் சாவு நாட்டையே உலுக்கியது. ஆனால் 1930இல் அரசு கொண்டுவந்தது அவர்கள் கேட்டது அல்ல. கைதிகளை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. கைதியின் கல்வியும் சமூக நிலையும் வாழ்க்கை முறையும் அந்தப் பிரிவை முடிவு செய்தன. ஒரு தியாகம் கேட்ட நீதியை அரசு வசதியுள்ளவனுக்கான சலுகையாக மாற்றிக்கொடுத்தது. ஏழைக் கைதி சி வகுப்பில்தான் கிடந்தான்.

விடுதலைக்குப் பின்னும் உடனே எதுவும் மாறவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஏ.கே.கோபாலன் சென்னை மாநில அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சட்டமன்றம் இயற்றிய நடைமுறை இருந்தாலே போதும், அது நியாயமானதா என்று பார்ப்பது தன் வேலையல்ல என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. சிறைக்கதவுக்கு அப்பால் அரசியல் சட்டம் ஏறத்தாழ ஊமையானது. 1974இல்தான் சிறு அசைவு தெரிந்தது. விசாகப்பட்டினம் சிறையிலிருந்த நக்சலைட் கைதிகளின் வழக்கில் நீதிபதி ஒய்.வி.சந்திரசூட், தண்டனை பெற்றதாலேயே ஒருவர் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழந்துவிடுவதில்லை என்றார்.

அடுத்து வந்தது நெருக்கடி நிலை. அதிகாரத்தில் இருந்தவர்களும் இருக்கப்போகிறவர்களும் கொட்டடியின் உள்பக்கத்தைப் பார்த்தார்கள். சென்னை மத்திய சிறையில் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைபட்ட கைதிகள் தாக்கப்பட்டதை நீதிபதி மு.மு.இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. சிறை என்பது படித்தவர்களின் அனுபவமாகவும் ஆனதால்தான் அடுத்த மாற்றத்துக்குச் செவிகள் கிடைத்தன என்று கருதுகிறேன். ஆனால் மாற்றத்தைத் தொடங்கியவர்கள் அந்தத் தலைவர்கள் அல்லர்.

தொடங்கியவர் மரண தண்டனை பெற்று டெல்லி திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா. மேல்முறையீடு முடியுமுன்பே தன்னைத் தனிமையில் அடைத்ததை எதிர்த்து அவர் மனு கொடுத்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இரவும் பகலும் கால்விலங்கோடு வைக்கப்பட்ட சார்லஸ் சோப்ராஜின் மனுவும் உடன் வந்தது. 1978 ஜனவரி 23 அன்று தலைமை நீதிபதி எம்.எச்.பெக், வி.ஆர்.கிருஷ்ணய்யர், பி.எஸ்.கைலாசம் மூவரும் திகாருக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். இரண்டே நாளில், வேறொரு வழக்கான மேனகா காந்தி வழக்கில், கோபாலன் தீர்ப்பின் குறுகிய பார்வை கைவிடப்பட்டது. ஆகஸ்டில் பத்ரா வழக்கின் தீர்ப்பு வந்தது. எல்லா முறையீடுகளும் முடிந்த பிறகே ஒருவர் மரண தண்டனைக் கைதி ஆகிறார், 1894 சட்டம் சொல்லும் தனிக்கொட்டடி தனிமைச் சிறைத் தண்டனைக்கு அனுமதி ஆகாது என்று நீதிமன்றம் கூறியது.

பத்ரா அதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். சக கைதி ஒருவரை வார்டர் தடியால் கொடூரமாகச் சித்திரவதை செய்ததாகவும், பார்க்க வரும் உறவினர்களிடம் பணம் பறிக்கவே அது நடந்ததாகவும் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தூக்கை எதிர்நோக்கி இருந்த ஒரு மனிதர் இன்னொரு கைதிக்காக எழுதிய கடிதம் அது. நீதிமன்றம் அதையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது. 1979 டிசம்பர் 20 தீர்ப்பில் புகார்ப் பெட்டி, நீதிபதிகளின் சிறைப் பார்வை, கைதிகளுக்கான உரிமைக் கையேடு ஆகியவற்றுக்கு வழி பிறந்தது. தீர்ப்பை எழுதிய கிருஷ்ணய்யர் 1948இல் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1957இல் கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர்.

1930இன் நிழல் விழுந்த இடம் அடுத்த ஆண்டு தெரிந்தது. திகாரிலிருந்த விசாரணைக் கைதி பிரேம் சங்கர் சுக்லா, தனக்குக் கைவிலங்கு பூட்டுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குத் தந்தி கொடுத்தார். ‘மேல் வகுப்பு’க் கைதிக்குக் கைவிலங்கிலிருந்து விலக்களித்து, சாதாரணக் கைதிக்குப் பூட்டச் சொன்னது பஞ்சாப் காவல் விதி. பணமும் அந்தஸ்தும் உள்ளவன் தப்பி ஓடமாட்டான், ஏழை ஓடுவான் என்ற அந்தக் கணக்கை 1980 ஏப்ரலில் நீதிமன்றம் செல்லாது என்றது. ஐம்பது ஆண்டுகளாகச் சிறையில் வேரோடியிருந்த வகுப்புப் பிரிவு, கைவிலங்கு விஷயத்திலாவது, அரசியல் சட்டத்தின் முன் தோற்ற இடம் இது. வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி தொடுத்த உசைனாரா காத்தூன் வழக்கு, தண்டனைக் காலத்தைவிட நீண்ட காலம் விசாரணைக்கே அடைபட்டிருந்த பீகார் ஏழைகளை வெளியே கொண்டுவந்ததும் இதே காலத்தில்தான்.

கைவிலங்கில் வகுப்பு விழுந்தாலும் சாதி விழவில்லை. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனிப் பிரிவுகளில் அடைத்தார்கள். மோதலைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்றது அரசு. 2014இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. துப்புரவை ஒரு சாதிக்கும் சமையலை இன்னொரு சாதிக்கும் ஒதுக்கிய சிறை விதிகளை ரத்துசெய்தது. பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட், 1974 தீர்ப்பை எழுதியவரின் மகன்.

வாக்குரிமையில், அரசியல் கைதியையும் குற்றவாளியையும் பிரித்த பழைய கோடு இன்னும் அப்படியே நிற்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தடுப்புக்காவலில் இருப்பவர் வாக்களிக்கலாம். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் உள்ளே கிடக்கும் விசாரணைக் கைதி, குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாதவர், வாக்களிக்க முடியாது.