டிங்: அவை பொருளான கதை

ஓஸ்லோ நகரின் நடுவில், மஞ்சள் செங்கல்லால் எழுப்பிய ஒரு கட்டடத்தின் முன் இரண்டு கருங்கல் சிங்கங்கள் காவல் இருக்கின்றன. 1866 முதல் நார்வே நாடாளுமன்றம் கூடுவது அங்கேதான். அதன் பெயர் ஸ்டூர்டிங்கெ. நார்வீஜிய மொழியைப் புதிதாகக் கற்பவருக்கு இந்த ஒரு பெயரிலேயே பாதி இலக்கணம் கிடைத்துவிடும்.

'ஸ்டூர்' என்றால் பெரிய. 'டிங்' என்றால் அவை. கடைசியில் ஒட்டியிருக்கும் 'எட்' என்னும் வால் 'குறிப்பிட்ட அந்த' என்று சுட்டுகிறது. எழுத்தில் உள்ள அதன் 'ட்' பேச்சில் ஒலிப்பதில்லை.

டிங் மிகப் பழைய சொல். வைக்கிங் காலத்தில் சுதந்திர ஆண்கள் கூடி வழக்குத் தீர்த்த இடம் அது. நார்வேயின் மேற்குக் கரையில் குலாடிங், த்ரொண்டலாகில் ஃப்ரொஸ்டாடிங், ஐஸ்லாந்தில் 930இல் தொடங்கிய அல்திங் எல்லாம் இந்தக் குடும்பம். அவையின் பெயர் அங்கே பேசிய வழக்குக்கு வந்தது. வழக்கிலிருந்து விவகாரத்துக்கும், விவகாரத்திலிருந்து கையில் எடுக்கும் பொருளுக்கும் நகர்ந்தது. ஆங்கிலத்தின் 'திங்' இதன் உடன்பிறப்பு. தமிழர் நாவில் புழங்கும் 'சங்கதி'யும் இப்படி வந்ததுதான்: வடமொழியில் அது கூடுதல், சேர்க்கை, தமிழில் விஷயம், செய்தி.

ஆங்கிலத்தில் பழைய பொருள் வழக்கொழிந்தது. நார்வேயில் இரண்டும் வாழ்கின்றன. குழப்பம் வராமல் காப்பது சொல்லின் பால். அவையைக் குறிக்கும் டிங் அலிப்பால்: 'எட் டிங்' என்றால் ஓர் அவை. பொருளைக் குறிக்கும் டிங் ஆண்பால்: 'ஏன் டிங்' என்றால் ஒரு பொருள். இன்னதென்று தெரிந்துவிட்டால் முன்னால் நின்ற அந்தச் சிறுசொல் மறைந்து, பின்னால் வால் முளைக்கும்: டிங்கெ, அந்த அவை, டிங்கென், அந்தப் பொருள். பழைய நார்ஸ் மொழியில் பெயருக்குப் பின் தனியாக நின்ற 'ஹின்' என்ற சுட்டுச்சொல் தேய்ந்து ஒட்டியதே இந்த வால்.

தமிழில் 'பெரிய' எதற்கும் வளையாது. வீட்டுக்கும் பெரிய, வீடுகளுக்கும் பெரிய. நார்வேயில் அடைமொழி பெயரோடு இசைந்து போகவேண்டும். ஆண்பாலில் 'ஏன் ஸ்டூர் டிங்', அலிப்பாலில் 'எட் ஸ்டூர்ட் டிங்', பன்மையில் 'ஸ்டூரெ'. சுட்டிச் சொல்லும்போதும் 'ஸ்டூரெ'தான்; ஆனால் அங்கே ஒரு சுட்டு போதாது. 'டென் ஸ்டூரெ டிங்கென்': முன்னால் 'டென்', பின்னால் 'என்'. தொடக்க மாணவர் அதிகம் தடுக்குவது இந்த இரட்டைச் சுட்டில்தான் என்றால் மிகையில்லை.

டேனிஷ் மொழியில் அடைமொழி வந்தால் வால் விழுந்துவிடும். நார்வே 1814 வரை நான்கு நூற்றாண்டுக்கு மேல் டென்மார்க்கோடு பிணைந்திருந்ததால், அந்தப் பழக்கம் பெரிய பெயர்களில் தங்கியிருக்கிறது. ஊரில் உள்ள ஒரு வெள்ளை வீட்டைச் சுட்டினால் 'டெ வீட்டெ ஹூஸெ'. வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் வாழும் மாளிகை என்றால் 'டெ வீட்டெ ஹூஸ்', வால் இல்லை. ஓர் எகரத்தில் ஒரு வீடு வெள்ளை மாளிகை ஆகிவிடுகிறது!

ஸ்டூர்டிங்கெயில் 'ஸ்டூர்' தொகைச்சொல்லின் உறுப்பாக ஒட்டிக்கொண்டதால் வளையவில்லை, முன்சுட்டும் தேவைப்படவில்லை. 1814இல் எய்ட்ஸ்வொல்லில் அரசமைப்பு எழுதியவர்கள் புது நாடாளுமன்றத்துக்கு இந்தப் பழஞ்சொல்லையே எடுத்தார்கள். 1989இல் வடநாட்டுப் பழங்குடியான சாமி மக்களின் தனி அவை திறந்தபோது அதுவும் சாமெடிங்கெ ஆயிற்று. 169 இடங்கள் கொண்ட ஸ்டூர்டிங்கெவுக்கு 2021இல் தேர்வானவர்களில் ஒருவர், இலங்கையில் பிறந்த தமிழரான கம்சாயினி குணரத்தினம்.