அஃப் அல் பி கேன்

1947 செப்டம்பரில் இத்தாலியின் ஃபோர்மியா கரையிலிருந்து பழைய தரையிறக்குக் கப்பல் ஒன்று, யூத அகதிகள் நானூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, பிரிட்டன் ஆண்ட பாலஸ்தீனத்துக்குக் கிளம்பியது. அதற்கு முன் ‘எக்ஸோடஸ்’ கப்பலில் பாலஸ்தீனம் வந்த சுமார் 4,500 யூதர்களை பிரிட்டன் அதே மாதம்தான் ஜெர்மனிக்கே கொண்டுபோய் ஹாம்பர்க்கில் இறக்கியிருந்தது. அதன்பின் வந்த இந்தக் கப்பலின் பெயர் ‘அஃப் அல் பி கேன்’. பிரிட்டிஷ் கடற்படை இதையும் பிடித்தது. பயணிகளைச் சைப்ரஸ் முகாம்களுக்கு அனுப்பியது. கப்பல் இன்று ஹைஃபாவில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

ஊர்ப்பெயரும் இல்லை, ஆள்பெயரும் இல்லை. வெறும் இணைப்புச் சொல்லைக் கப்பலுக்குச் சூட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘நெவர்தலெஸ்’ஸுக்கு எபிரேய அகராதிகள் தரும் சொல் இது.

பிரித்துப் பார்த்தால் சுவை தெரியும். ‘பி’ என்பது வாய். ‘அல் பி’ என்றால் வாய்மொழிப்படி. சாட்சிகளின் வாக்கைக் கொண்டே தீர்ப்புச் செய்ய வேண்டும் என்று விவிலியத்தின் உபாகமம் விதிக்கும் இடத்தில் இதே ‘அல் பி’தான் வருகிறது. ‘அஃப்’ என்பது நம் ‘உம்’. (மூக்கையும் சினத்தையும் குறிக்கும் ‘அஃப்’ வேறு சொல்.) ‘கேன்’ என்றால் அப்படி. மூன்றும் கூடி ‘இருந்தபோதிலும்’ என்ற பொருளில் நிலைபெற்றது விவிலியத்துக்குப் பிந்தைய மிஷ்னாவின் எபிரேயத்தில். யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில்.

தமிழில் ‘அப்படியென்றாலும்’ என்கிறோம். அப்படி, என்று சொல்லுதல், உம். எபிரேயம் வாயை வைத்த இடத்தில் நாம் ‘என்’ என்னும் சொல்லுதல் வினையை வைத்திருக்கிறோம். இரு மொழிகளுக்கும் உறவில்லை. ஆயினும் மறுப்பவன் சொன்னதை முதலில் கேட்டுக்கொள்ளும் பண்பு இரண்டு கட்டுமானங்களிலும் இருக்கிறது.

யூத அறிஞர் மைமோனிடெஸ் வகுத்த 13 கோட்பாடுகளை ஒட்டி எழுந்தது ‘அனி மாமின்’ என்னும் நம்பிக்கை அறிக்கை. அதன் 12ஆம் கூற்று, மெசியா வரத் தாமதித்தாலும் காத்திருக்கும் உறுதியைச் சொல்கிறது. அந்தத் ‘தாலும்’ மூலத்தில் ‘அஃப் அல் பி’. நாஜிகளின் காலத்தில் கெட்டோக்களிலும் முகாம்களிலும் யூதர்கள் பாடியது இதைத்தான்.

ஆங்கிலத்தின் ‘இன் ஸ்பைட் ஆஃப்’ வேறு குணம் கொண்டது. ‘ஸ்பைட்’ என்றால் வன்மம். ‘இன் ஸ்பைட் ஆஃப்’புக்கு இக்கால எபிரேயம் எடுத்துக்கொண்ட சொல் ‘லம்ரோத்’. ஏசாயாவின் மூன்றாம் அதிகாரத்தில் அது இடைச்சொல்லே அல்ல. கடவுளின் கண்ணெதிரே கலகம் செய்வதைக் குறிக்கும் வினை. இன்று ‘லம்ரோத் மழை’ என்று நாளிதழ்கள் எழுதும்போது அந்தக் கலகம் அடங்கிப்போய்விட்டது.

‘அவல்’ இன்னும் வியப்பு. இன்று அதற்குப் பொருள் ‘ஆனால்’. ஆதியாகமத்தில் யோசேப்பின் சகோதரர்கள் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது முதலில் வரும் சொல்லும் ‘அவல்’தான், அங்கே ‘மெய்தான்’ என்று பொருள். தானியேல், எஸ்றா போன்ற பிற்கால நூல்களில் ‘ஆனால்’ ஆகிவிட்டது.

‘நெவர்தலெஸ்’ வருமிடமெல்லாம் ‘அவல்’ போட்டு நகரும் மொழிபெயர்ப்பை நான் ஏற்பதில்லை. ‘அவல்’ பேச்சைத் திருப்ப மட்டுமே செய்யும். எதிர்த்தரப்பின் வாதம் முழுவதையும் கேட்ட பிறகும் நிலைமாறாமல் நிற்பவருக்கு எபிரேயத்தில் உரிய சொல் ‘அஃப் அல் பி கேன்’ ஒன்றே.