பெயர் சுட்டாத படமும் பெயர் சொன்ன படமும்: அரியலூர், பெரம்பலூர் வட்டார ரசிகரின் தீர்ப்புமுறை

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் 2023 மார்ச் 31 அன்று வெளியானது. விமர்சகர்கள் பலரும் முதலில் பேசியது அதன் தொடக்கக் காட்சியை. குண்டுவெடிப்பில் தடம்புரண்டு கிடக்கும் ரயில், நசுங்கிய பெட்டிகள், அவற்றுக்கிடையே நிற்காமல் ஊர்ந்துகொண்டே போகும் வேல்ராஜின் கேமரா. அந்த நீண்ட ஷாட் கதைக்குத் தேவையா, திறமையைக் காட்ட வைத்ததா என்பது விமர்சனங்களின் கேள்வி. அரியலூர்ப் பக்கத்தில் வளர்ந்த ஒருவருக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். அவருக்கு முதலில் எழுவது, 'இது மருதையாத்துப் பாலமா?' என்பது.

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே படத்தைப் பற்றியவை என்றாலும் ஒரே விசாரணையைச் சேர்ந்தவை அல்ல. ஒரு புதிய படத்தைப் பற்றி விமர்சகர்கள் பிளவுபடும்போதும், விமர்சகரோடு ரசிகர் முரண்படும்போதும், அதை நாம் ரசனை வேறுபாடு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். தன் மண்ணின் நிகழ்ச்சியைச் சுமந்து வரும் படத்தை இவ்வட்டார ரசிகர் எப்படித் தீர்ப்பிடுகிறார் என்பது, அந்தப் படம் பெயர்களை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. பெயரை மறைத்து நிகழ்ச்சியை வைத்துக்கொள்ளும் படத்துக்கு ஒரு நீதி. பெயரை வைத்துக்கொண்டு நிகழ்ச்சியை மாற்றும் படத்துக்கு வேறொரு நீதி.

இதை விளக்க வெளியிலிருந்து கோட்பாடு தேட வேண்டியதில்லை. அகத்திணைப் பாடல்களின் புலனெறி வழக்கம் நாடக வழக்கு என்னும் புனைவு மரபு, உலகியல் வழக்கு என்னும் உலக நடப்பு என்ற இரண்டையும் சார்ந்தது என்று தொல்காப்பியம் வகுக்கிறது. அகத்திணையில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்றும் விதிக்கிறது. பெயர் சுட்டப்பட்டால் பாட்டு புறமாகிவிடும். காதலைப் பாடுவதற்கு வகுத்த இந்த விதிக்குள் ஆழமான ஒரு வாசிப்புக் கொள்கை இருக்கிறது: பெயர் இல்லாதபோது கேட்பவர் எவரும் அந்த அனுபவத்துக்குள் நுழையலாம், பெயர் வந்துவிட்டால் அது வரலாற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பார்வையாளர் இந்த விதியைப் படித்தறிந்தவரா என்பது பொருட்டல்ல. படம் பார்க்கும்போது அவர் இதைக் கையாள்கிறார்.

'விடுதலை'யை எடுத்துக்கொள்வோம். படம் ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையை ஆதாரமாகக் கொண்டது. ஊரின் பெயர் அருமபுரி. இயக்கத்தின் பெயர் மக்கள் படை. தலைவர் பெருமாள் வாத்தியார். எல்லாம் புனைந்த பெயர்கள். ஆனால் காலம் 1987. அந்த ஆண்டு மார்ச் 15 அன்று, அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் தொடர்புபடுத்தப்பட்டது தமிழ்நாடு விடுதலைப் படை. அதன் தலைவர் தமிழரசன், பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு இடதுசாரித் தீவிர அரசியலுக்குள் வந்தவர். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில், வங்கிக் கொள்ளை முயற்சி ஒன்றின்போது தோழர்களோடு அடித்துக் கொல்லப்பட்டார். அடித்த கூட்டத்தில் இருந்தவர்கள் ஊர்மக்கள் மட்டுமா, போலீசாரும் கலந்திருந்தார்களா என்பதில் இன்றும் இரண்டு கூற்றுகள் நிலவுகின்றன. அவருக்கு முன்னோடியான புலவர் கலியபெருமாள் பக்கத்து மாவட்டமான கடலூரில் பெண்ணாடத்தை அடுத்த சௌந்தரசோழபுரத்துக்காரர்; தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1983-இல் வெளியே வந்தவர். பள்ளியாசிரியர், நிலவுடைமைக்கு எதிரான போராட்டம், தலைமறைவு, சிறை என்று பெருமாள் வாத்தியாரின் வாழ்க்கையை இரண்டாம் பாகம் விரித்தபோது, இந்த இரண்டு மனிதர்களையும் அறிந்த பார்வையாளர் பெயர்ப் பலகைகளைத் தாமே மாட்டிக்கொண்டார்.

பெயர் மறைத்தல் இங்கே அகத்தின் வேலையைச் செய்யவில்லை. அகத்தில் பெயர் இல்லாததால் எவரும் நுழையலாம். இங்கே பெயர் இல்லாததால், தெரிந்தவர் மட்டும் நுழையக்கூடிய ஒரு கதவு உருவாகிறது. படத்தின் முன்னால் வரும் 'கற்பனையே' என்ற அறிவிப்பு சென்னை, கோவைப் பார்வையாளருக்கு ஒரு சட்டச் சடங்கு. அரியலூர்க்காரருக்கோ அது, 'உனக்குத் தெரிந்ததை நீயே நிரப்பிக்கொள்' என்ற அழைப்பு.

நிரப்பத் தொடங்கியதும் சிக்கல் வருகிறது. படத்தின் ரயில் நம்முடையது. மலை நம்முடையது அல்ல. 'விடுதலை'யின் போலீஸ் முகாமும் தேடுதல் வேட்டையும் அடர்ந்த மலைக்காட்டில் நடக்கின்றன. அரியலூர், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பகுதி சமவெளி. செம்மண்ணும் முந்திரிக்காடும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைப் புகையும் உள்ள பூமி. முந்திரிக்காட்டில் ஒளிந்து வாழ்வதன் அரசியல் வேறு. அங்கே மரங்களுக்கு நடுவே ஊர்கள் இருக்கின்றன. காட்டுக்குள் இருப்பவனுக்குச் சோறு கொடுத்ததும் காட்டிக்கொடுத்ததும் அக்கம்பக்கத்து வீடுகள்தாம். படம் இதை மலைக்கு மாற்றி, கிராமப் பெண்கள் மீதான போலீஸ் கொடுமையைக் காட்டும்போது அந்தக் காட்சிகள் 1992-இல் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் நடந்ததையே நினைவூட்டுகின்றன. வெவ்வேறு இடங்களின் துயரங்களை ஒரே ஊரில் குவிப்பது கலைஞனின் உரிமை. தமிழகம் முழுவதற்குமான அரச வன்முறையின் உருவகம் அப்படித்தான் கிடைக்கிறது என்று படத்தைப் பாராட்டிய விமர்சகர்கள் சொல்லலாம். நானும் அதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குவிப்பில் தொலைந்துபோனது இந்த வட்டாரத்தின் மிக முக்கியமான உண்மை. தமிழரசனின் முடிவு காட்டுக்குள் போலீஸ் நடத்திய மோதலில் வரவில்லை; ஊர் நடுவே, பகலில், கண்ணெதிரே வந்தது. அந்தப் பகலைப் பற்றிப் படம் பேச முடியாமல் போனதற்கு அது தேர்ந்துகொண்ட நிலக்காட்சியே காரணம்.

2024 டிசம்பர் 20 அன்று வெளியான இரண்டாம் பாகத்தில் விமர்சகர்கள் வெளிப்படையாகப் பிளவுபட்டார்கள். வசனம் மிகுதி, பாடம் நடத்துகிறது என்றது ஒரு தரப்பு. தமிழ் வணிகப் படத்தில் இடதுசாரி இயக்க வரலாற்றை இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை என்றது மறுதரப்பு. இரண்டுமே நாடக வழக்கின் எல்லைக்குள் நின்று பேசியவை: எவ்வளவு பேச்சு, எந்த வேகம், எப்படிப்பட்ட வடிவம். 'முதல் பாதி ஓகே, ரெண்டாவது பாதி இழுவை' என்ற வழக்கமான திரையரங்கு வாசல் தீர்ப்பும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. உலகியல் வழக்கின் கேள்வியை எந்த விமர்சனமும் போதிய அழுத்தத்தோடு கேட்கவில்லை: ரயிலில் இறந்தவர்கள் யார்? அவர்கள் அந்த இயக்கத்துக்கோ அரசுக்கோ என்ன தீங்கு செய்தவர்கள்? படத்தின் முதல் பத்து நிமிடங்களில் அவ்வளவு அக்கறையோடு காட்டப்பட்ட உடல்கள் பிறகு கதையிலிருந்து நழுவிவிடுகின்றன. இதை இந்த ஊர் கவனிக்காமல் இருக்க முடியாது.

இப்போது எதிர்த் திசைக்கு வருவோம். மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-இலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-இலும் வெளிவந்தன. இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. ஊர்ப்பெயரும் குலப்பெயரும் உரக்கச் சொல்லப்படுகின்றன. விமர்சகர்களுக்கும் ரசிகர்களுக்கும் இடையில் நடந்த வாக்குவாதத்தின் மையம் கல்கியின் நாவல். 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட நூல் அது. சேந்தன் அமுதனைப் பற்றிய முடிச்சைத் திரைக்கதை கைவிட்டது சரியா, மணிமேகலையே இல்லாமல் அந்தக் கதையைச் சொல்லலாமா என்று வாசகர்கள் வருந்தினார்கள். சினிமா நாவலுக்குக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். இதில் இரு தரப்பும் படத்தை ஒரு புத்தகத்தோடு ஒப்பிடுவதில் ஒன்றுபட்டிருந்தன.

அரியலூருக்குத் தெற்கே கீழப்பழுவூர் இருக்கிறது. அதையடுத்து மேலப்பழுவூர், கீழையூர். கீழையூரின் இரட்டைக் கோயிலான அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் பழுவேட்டரையர்களின் கட்டுமானம். கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் சம்பந்தர் பாடிய தலம். படத்தில் சரத்குமாரும் பார்த்திபனும் நடித்த பழுவேட்டரையர் சகோதரர்கள் இருவரும் இந்த ஊர்க்காரர்கள். திரையில் அவர்கள் அரியணைச் சதியின் தூண்கள். முதுமையில் இளம் மனைவியிடம் மயங்கிய பெரியவரும், கோட்டையைக் காக்கும் கடுமையான தம்பியும். கல்லும் செப்பேடும் சொல்வது வேறு. சுந்தர சோழனின் அன்பில் செப்பேட்டின்படி, முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்தான்; அவள் வயிற்றில் பிறந்தவன் அரிஞ்சயன். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன், அவன் மகன் ராஜராஜன். அதாவது பழுவூர்ப் பெண் ஒருத்தி ராஜராஜனுக்குக் கொள்ளுப்பாட்டி. சதிகாரக் குலம் என்று திரை அறிமுகப்படுத்திய வீடு, சோழருக்குப் பெண் கொடுத்த வீடு. திருச்சியின் மருத்துவர் இரா. கலைக்கோவன் போன்றோர் பழுவூர்க் கோயில்களிலும் கல்வெட்டுகளிலும் பல ஆண்டுகள் உழைத்து எழுதியதெல்லாம் தமிழில் கிடைக்கிறது. படம் வந்த வாரத்தில் எழுதப்பட்ட விமர்சனங்களில் அந்த உழைப்பின் சாயல் விழவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இதற்குக் கல்கியைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் நாவல் எழுதினார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாக ரவிதாசன் உள்ளிட்டோரைப் பெயர் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு, கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து எட்டும் தூரத்தில் காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறது. அதை வைத்து உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார் நீலகண்ட சாஸ்திரி; பின்வந்தவர்கள் பலர் அதை மறுத்தார்கள். வரலாற்றறிஞர்களே பிளவுபட்ட இடத்தில் நாவலாசிரியர் ஒரு பாதையைத் தேர்ந்தார். ஆனால் நாவல் படமாகி, பழுவூர் என்ற பெயர் லட்சக்கணக்கானவர்களின் காதில் முதன்முறையாகச் சதியின் பெயராக விழும்போது, பெயர் சொன்னதற்கான பொறுப்பு படத்தின் தோளுக்கு வருகிறது. புறத்திணை அரசனின் பெயரைச் சொன்னால் அவன் செய்ததையும் சொல்ல வேண்டும்.

இடையே நிற்கும் ஒரு படம் உண்டு. செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு வந்தபோது, இரண்டாம் பாதி குழப்பம் என்று சொன்னவர்கள் பலர். 2021 டிசம்பர் 31 அன்று மறுபடியும் திரைக்கு வந்தபோது அதே பகுதி கொண்டாடப்பட்டது. அதில் வரும் அரசனுக்குப் பெயர் இல்லை. அவன் வெறும் சோழன். 1279-இல் தொடங்கும் அந்தக் கதையின் காலத்துச் சோழத் தலைநகரமான கங்கைகொண்ட சோழபுரம் இன்று ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு கோயிலாகவும் மாளிகைமேட்டுச் செங்கல் அடித்தளங்களாகவும் எஞ்சியிருக்கிறது. கோயிலின் சுற்றுமதில் கற்களை 1836-இல் கொள்ளிடத்தின் கீழணை கட்ட எடுத்துப்போனார்கள். பெயரும் இல்லை, இந்நிலத்தின் நிகழ்ச்சியும் இல்லை. எனவே இங்கே அதன்மீது வழக்கு எதுவும் இல்லை. படையினர் கையில் சோழப் பெண்கள் படும் துன்பத்தில் 2009-இன் ஈழத்தைப் பார்த்தவர்களுக்கே அந்தப் படம் சாட்சியாயிற்று.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வட்டாரம் என்பது ஒற்றை மனிதர் அல்ல. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. 1993-இல் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் நடந்த ராஜாக்கண்ணு காவல் மரண வழக்கு அதன் அடிப்படை. ஒரு பகுதியினருக்கு அது நெடுங்காலம் காத்திருந்த சாட்சியம். காவலரின் மாற்றிய பெயரும் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படமும் தங்கள் சாதியைக் குறிவைத்த அவமதிப்பு என்றது இன்னொரு பகுதி. நாட்காட்டிக் காட்சி திருத்தப்பட்டது, இயக்குநர் த.செ. ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். இந்தச் சச்சரவும் பெயரைச் சுற்றியே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை, கூர்மையாக்குகிறது. திரையரங்கை எல்லாச் சாதியினரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் இடம் என்று கா. சிவத்தம்பி மதிப்பிட்டார். ஒரே கூரையின் கீழ் அமர்ந்தவர்கள் ஒரே பெயரை வெவ்வேறு நினைவுகளோடு கேட்கிறார்கள்.

விமர்சனத்தைப் பற்றிய அண்மைக்கால விவாதம் இதையெல்லாம் தொடவே இல்லை. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்ததை அடுத்து, திரையரங்க வளாகத்தில் யூடியூப் பேட்டிகளை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். டிசம்பரில் முதல் 3 நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சென்றார்கள். விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்ற நிலையில் நின்று நீதிமன்றம் தடை தர மறுத்தது. அது சரியான முடிவு. ஆனால் இரு தரப்புமே விமர்சனத்தை வசூலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் விசையாகத்தான் கண்டன. மூன்று நாளில் சொன்னாலும் முப்பது நாளில் சொன்னாலும், மருதையாற்றைப் பற்றித் தெரியாத விமர்சனம் தெரியாததாகவே இருக்கும்.

வட்டார நினைவும் குறுக்கு விசாரணைக்கு உரியது. மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது ஒரே ஒரு ரயில் அல்ல. 1956 நவம்பர் 23 அன்று, வெள்ளம் பாலத்தை அரித்த அதிகாலையில், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதே ஆற்றில் விழுந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஒன்று மழை செய்தது, மற்றது மனிதர் செய்தது. ஆனால் 'அரியலூர் ரயில் விபத்து' என்ற ஒரே சொற்றொடருக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. 'விடுதலை'யின் தொடக்கக் காட்சியைப் பார்க்கும் ஒருவரிடம் அந்தச் சொற்றொடர் 1956-இன் பிணங்களை 1987-இன் குண்டோடு சேர்த்துவிடக் கூடும். அந்த இடத்தில் விமர்சகருக்கு வேலை இருக்கிறது. ஷாட்டின் நீளத்தை அளந்த அதே பொறுமையோடு அவர் அந்தப் பார்வையாளருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, எந்த ஆண்டு, எந்தப் பாலம், அந்தப் பெட்டியில் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும்.