புகையிலையும் மூளையும்

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்ச்சுகீசியர் வாயிலாக இங்கு வந்தது. 1604ஆம் ஆண்டையொட்டி, பீஜப்பூர் சென்று மீண்ட அஸத் பேக் என்னும் அலுவலர் அதனை அக்பர் சக்கரவர்த்தியின் முன் வைத்தார். முன்னோர் நூல்களில் காணப்படாத பொருளைக் கொள்ளலாகாது என்று அரண்மனை மருத்துவர் தடுத்தார். சக்கரவர்த்தி சிறிது இழுத்துப் பார்த்ததோடு நின்றார், பிரபுக்கள் நிற்கவில்லை. 1617இல் ஜஹாங்கீர் தடை விதித்தும் பயன் விளையவில்லை. அரசாணையையும் மீறச் செய்யும் ஆற்றல் இச்செடிக்கு எவ்வாறு வந்தது?

இதற்கு விடை காண விஞ்ஞானத்துக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1560இல் புகையிலையைப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிய தூதர் ழான் நிக்கோவின் பெயரைச் செடிநூலார் அச்செடிக்கு இட்டிருந்தனர். 1828இல் ஹைடல்பர்க் நகரில் போஸெல்ட், ரைமன் என்னும் இருவர் பிரித்தெடுத்த நஞ்சும் அப்பெயரால் நிகோடின் எனப்பட்டது. பின்னர்க் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பார், நரம்பு துண்டிக்கப்பட்ட கோழியின் தசையும் நிகோடின் பட்டவுடன் சுருங்கக் கண்டார். எனவே அதனை ஏற்கும் பொருள் தசையிலேயே இருத்தல் வேண்டும் என்று 1905இல் அவர் கூறினார். உடல் தானே சுரக்கும் அசிடைல்கோலினுக்கென அமைந்த அந்த ஏற்பிகளில் நிகோடின் அழையா விருந்தினராக வந்து அமர்கிறது.

மூளையிலும் இவ்வேற்பிகள் உண்டு. புகையை இழுத்த சில விநாடிகளில் நிகோடின் அங்குச் சென்று, டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து இன்ப உணர்வைத் தருகிறது. நாளடைவில் ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. பிறகு நிகோடின் கிட்டாதபோது எரிச்சலும் மனக்கலக்கமும் உண்டாகின்றன. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 1964இல் வெளியிட்ட அறிக்கை இதனை வெறும் பழக்கமென்றே குறித்தது. அடிமைத்தன்மை என்று திட்டமாக உரைத்தது 1988ஆம் ஆண்டு அறிக்கையே.

கருவிலுள்ள குழந்தைக்கும் இதில் பங்குண்டு என்பதே பெருங்கவலை. தாயின் இரத்தத்திலுள்ள நிகோடின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே கருவின் மூளையில் இவ்வேற்பிகள் தோன்றி, நரம்பணுக்களின் வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றன. நிகோடின் அவ்வொழுங்கைக் குலைப்பதை விலங்குகளிடம் நடத்திய சோதனைகள் காட்டியுள்ளன. புகைத்தால் மட்டுமே தீங்கு என்று எண்ண வேண்டா. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையிலும், வட மாநிலங்களில் வாழும் நம்மவர் சிலர் அங்குப் பழகிக்கொள்ளும் கைனியிலும் உள்ளது அதே நிகோடின்தான்.

ஆகவே, இதற்கு ஆட்பட்டவரை மனவுறுதியற்றவர் என்று இகழ்வதால் பயனில்லை. ஆணையால் ஆகாததை மருத்துவ ஆலோசனையாலும் தக்க மருந்தாலும் வீட்டாரின் பொறுமையாலும் செய்யலாம். புகைப்பதை முற்றும் நிறுத்தினால், பெருகிய ஏற்பிகள் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. முதல் நாட்களே மிகக் கடுமையானவை. துணை தேவைப்படுவதும் அந்நாட்களிலேதான்.