ஒரு மைதானம் மாற்றிய விளையாட்டு

பழைய மைதானமொன்று ஒரு விளையாட்டையே மாற்றிய கதையை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழக மைதானம் 1903இல் கட்டப்பட்டது. 1879இல் பட்டம் பெற்ற பழைய மாணவர்கள் அதற்கு ஒரு இலட்சம் டொலர் கொடுத்தார்கள். கம்பி கட்டிய கொங்கிரீட்டில் அவ்வளவு பெரிய அரங்கு அன்று புதுமை.

அங்கே ஆடப்படுவது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல; பந்தைக் கையில் ஏந்தி, முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம். 1905இல் அந்த ஆட்டத்தில் இளைஞர்கள் பலர் உயிரிழந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பயிற்றுநர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்.

நெரிசல் குறைய ஆடுகளத்தை 40 அடி அகலமாக்கலாம் என்றார் வோல்ட்டர் காம்ப். ஆனால் ஹாவர்டின் புதிய கொங்கிரீட் இருக்கைகள் களத்தை ஒட்டியே நின்றன. அகலமாக்க இடமில்லை. வேறு வழி தேடினார்கள். 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. இன்று அந்த ஆட்டத்தின் அழகே அந்த எறிதல்தான்!

காலம் கொங்கிரீட்டையும் விட்டுவைக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் இருக்கைகளையும் அவற்றைத் தாங்கிய இரும்பையும் மாற்றினார்கள். ஆனால் குதிரை லாட வடிவத்தை மாற்றவில்லை. 1987இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது.

பழைய கட்டடத்தை இடிக்கும் பேச்சு வந்தால் "எவ்வளவு செலவு?" என்று கேட்கிறோம். "இது எதற்குச் சாட்சி?" என்றும் நாம் கேட்க வேண்டாமா?